சலாம் போடாத வக்கீலம்மா

குடிநீர்க் குழாய் பதிக்கும் அந்த வேலையில் இருந்த ஆபரேட்டர்கள் எல்லாரும் காலையில் வண்டிக்குச் சலாம் போடுவார்கள். வக்கீலம்மா மட்டும் போடமாட்டார்.

சலாம் என்பது இதுதான். மண் தோண்டும் வண்டியைக் கிளப்பியதும் ஆபரேட்டர் ஹாரன் அடிப்பார். கிட்டே நிற்பவர்கள் ஒதுங்குவார்கள். இன்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் லிவரை விரலால் தொட்டாற்போல் அசைப்பார். பிறகு அந்த நீண்ட இரும்புக் கையை உயர்த்தி, தாழ்த்தி, மடக்கி, நீட்டுவார். தூரத்திலிருந்து பார்த்தால் வண்டி யாருக்கோ குனிந்து மரியாதை செய்வது போலிருக்கும். அது முடிந்த பிறகுதான் குழாய் பொருத்துகிறவர்கள் பள்ளத்தில் இறங்குவார்கள். இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், போடாவிட்டால் வண்டி கோபித்துக்கொள்ளும் என்பார்கள்.

"இரும்புக்குக் கோவம் வருமாய்யா?" என்று சிரிப்பார் வக்கீலம்மா. "மனுஷனுக்கே சலாம் போடத் தெரியாமத்தான் நான் பாதி வேலைய விட்டிருக்கேன். இதுக்குப் போடணுமா?"

அவர் சட்டம் படித்தவர் இல்லை. எதற்கெடுத்தாலும் ஏன், யார் சொன்னது என்று கேட்டுக் குடைவதால் ஒருவர் கிண்டலாக வைத்த பெயர் அது. ஒட்டிக்கொண்டுவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கச் சற்று நேரமாகும்.

இளவயதில் அவர் தலையில் மண் சுமந்தவர். ஒரு வாய்க்கால் வேலையில் பெண்கள் வரிசையாக நின்று, கீழே வெட்டிய மண்ணைத் தட்டுத் தட்டாகக் கரையேற்றுவார்கள். ஒருநாள் லாரியின் முதுகில் ஒரு மண் தோண்டும் வண்டி வந்து இறங்கியது. அவர்கள் வாரம் முழுக்கச் சுமக்கும் மண்ணை மத்தியானத்துக்குள் அள்ளிப் போட்டது. சாயங்காலமே பெண்கள் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போகிற வழியெல்லாம் அவர்கள் அந்த வண்டியைச் சபித்துக்கொண்டு போனார்கள். ஒருத்தி மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தாள். அதை யார் ஓட்டுகிறார்கள், எங்கே கற்றுக்கொண்டார்கள் என்பது அவளுடைய கேள்வி. வண்டி நம் வயிற்றில் அடிக்கவில்லை, வண்டியை வாங்கியவன்தான் அடித்தான் என்று அவள் சொன்னதைக் கூட வந்தவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவள் சொன்னது சரிதான். மனிதத் தலையிலிருந்து மண் தட்டை இறக்கிவைத்த இயந்திரத்தை யாரும் குறைசொல்ல முடியாது. இறக்கிவைத்த தலைக்கு அடுத்த வேளை என்ன என்று யோசிக்காதவர்களைச் சொல்லலாம். அவர்களைச் சபிக்கத் துணிவில்லாதவர்கள் இரும்பைச் சபிக்கிறார்கள்.

அந்த ஒருத்திதான் வக்கீலம்மா. வாடகை வண்டிகள் நிற்கும் ஒரு பட்டறையில் கிரீஸ் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு மூட்டு மூட்டாகக் கிரீஸ் ஏற்றுகிற வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேபினில் ஏறி உட்கார்ந்து பழகினார். பல வருடம் போராடி உரிமம் வாங்கினார். அவர் முதல்முதலாக வண்டியை ஓட்டிய வாரத்தில் எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்தது. பெண் ஏறியதால் ராசி போய்விட்டது என்றார்கள். அடுத்த மாதம் வேறொருவர் ஓட்டும்போது அதே குழாய் அதே இடத்தில் வெடித்தது. பழைய குழாய், என்ன செய்ய முடியும் என்றார்கள். அன்றிலிருந்து ராசி, கோபம், சலாம் என்று எதைக் கேட்டாலும் அவருக்கு உள்ளங்கால் முதல் உச்சிவரை எரியும்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த நூலகத்தில் இயந்திரங்களின் வரலாற்றைத் தேடிப் படித்தார். தேநீர் நேரத்தில் அதை மற்றவர்களுக்குச் சொல்வார். நீராவியில் ஓடும் மண்வாரியை முதலில் செய்தவன் ஓர் இளைஞன். ரயில் பாதை போடுவதற்காகச் செய்தான். அதற்குக் காப்புரிமை பெற்ற அதே வருடம் இருபத்தாறு வயதில் காய்ச்சலில் செத்துப்போனான். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அந்த இயந்திரம் பரவவில்லை. ஏன் என்று அவரே கேட்டு அவரே பதில் சொல்வார்: கூலிக்கு ஆள் மலிவாகக் கிடைத்தார்கள், இயந்திரத்துக்கு என்ன அவசரம்? சேற்று வயலில் டிராக்டர் சக்கரம் புதைந்துகொண்டே இருந்ததால் ஒருவர் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சங்கிலியில் மரக்கட்டைகளைக் கோத்து மாட்டினார். இன்றைக்கு நாம் செயின் வண்டி என்று சொல்வது அதன் பேரப்பிள்ளை. குழாய் பதித்த பள்ளத்தை மூடும் வேலையைப் பார்த்த ஒரு விவசாயியும் ஒரு வரைபடக்காரரும் சேர்ந்துதான் டிராக்டர் முன்னால் மண் தள்ளும் தகட்டை மாட்டினார்கள், அதுதான் புல்டோசர். "அவங்க பேரெல்லாம் யாருக்குத் தெரியும்? நாம பொக்லைன் பொக்லைன்னு சொல்றோமே, அது ஒரு கம்பெனியோட பேரு. நம்ம வண்டி அந்தக் கம்பெனியே கிடையாது. செஞ்சவன் பேரு போச்சு, வித்தவன் பேரு நின்னுச்சு" என்பார்.

அவருடைய கணவர் இரும்பைக் கடையும் லேத் இயந்திரம் வைத்திருந்தார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. வண்டிகளின் மூட்டுகளுக்குப் போடும் புஷ் என்னும் வளையங்களைக் கடைந்து கொடுப்பார். மனைவி அடுப்பில் உலையை வைத்துவிட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தால், "சோறு வேகறதுக்குள்ள எங்க வீட்டுல ஒரு நூற்றாண்டு ஓடிடும்" என்பார். அடிபிடித்த சோற்றைக் குறைசொல்லாமல் சாப்பிடவும் செய்வார்.

குழாய் வேலையில் வக்கீலம்மாவுக்குப் பகல் ஷிஃப்ட். அதே வண்டியை இரவில் ஓட்டியவரைக் கோட்டான் என்று கூப்பிடுவார்கள். இரவில் விழித்திருப்பவர், வாயைத் திறக்காதவர் என்பதால் அந்தப் பெயர். வக்கீலம்மா அவரை அண்ணன் என்று முறை வைத்துக் கூப்பிடுவார். காலையில் ஷிஃப்ட் மாறும்போது இவர் பத்து வாக்கியம் பேசுவார், அவர் ஒரு தடவை தலையாட்டுவார். அதற்குள் எல்லாம் பேசி முடித்தாகிவிடும்.

இரண்டு பேருக்கும் கைப்பழக்கம் வேறு. இது இந்தத் தொழிலில் உள்ள ஒரு தலைவலி. வண்டியின் கையை நம் கையைப் போலவே நினைத்துக்கொள்ளலாம். தோளிலிருந்து முழங்கை வரை உள்ளது பூம், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஆர்ம், உள்ளங்கை பக்கெட். ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் இஷ்டத்துக்கு லிவர்களை வைத்தது. ஒரு வகை வண்டியில் வலது லிவரை இழுத்தால் பூம் மேலே எழும்பும். இன்னொரு வகையில் அதே வலது லிவரை இழுத்தால் ஆர்ம் உள்ளே மடங்கும். பூமைத் தூக்க இடது லிவரை இழுக்க வேண்டும். ஒன்றில் கற்றவருக்கு மற்றது கைக்கு வராது. அதனால் இந்த வண்டியில் கேபினுக்குப் பின்னால் ஒரு சின்ன வால்வு இருந்தது. அதைத் திருப்பினால் ஒரு வகை மற்றொன்றாக மாறும். எந்தப் பக்கம் எது என்று அதன்மேல் ஓர் அடையாளமும் இல்லை. இருந்த ஒட்டுத்தாள் என்றைக்கோ உரிந்துபோயிருந்தது. வேலை முடிந்து இறங்கும்போது கோட்டான் வால்வை வக்கீலம்மாவின் கைக்குத் திருப்பி வைத்துவிட்டுத்தான் போவார். சாயங்காலம் இவர் அவருக்குத் திருப்பி வைப்பார்.

மேனேஜருக்கு வக்கீலம்மாவைப் பிடிக்காது. ஆனால் சலாம் போடாத வக்கீலம்மாவை ரொம்பப் பிடிக்கும். மற்ற வண்டிகளில் காலையில் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள், இங்கே வண்டி கிளம்பும்போதே ஆள் பள்ளத்தில் இருக்கிறான் என்று பெருமையாகச் சொல்வார். வக்கீலம்மாவின் ஷிஃப்ட்டில் குழாய் பொருத்துகிறவர்களை இன்ஜின் கிளம்புவதற்கு முன்பே இறங்கச் சொல்லிவிடுவார். தன்னுடைய பகுத்தறிவை முதலாளியின் அவசரத்துக்கு யாரோ பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்பது அந்தக் கூர்மையான பெண்ணுக்கு உறைக்கவே இல்லை.

அன்று காலை வக்கீலம்மா வந்தபோது கோட்டானைக் காணவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து போன் வந்ததாம், ஷிஃப்ட் முடிந்ததும் ஓடிவிட்டாராம். வண்டி பள்ளத்தின் முனையில் கையை நீட்டியபடி நின்றது. பக்கெட் தரையில் கிடந்தது. பக்கெட்டுக்கும் வண்டிக்கும் நடுவே, பள்ளத்தின் விளிம்பில், பதிக்க வேண்டிய இரும்புக் குழாய் ஒன்று கிடந்தது. பள்ளத்துக்குள் குழாய் பொருத்தும் தம்பி ஒருவர் முந்தின இணைப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வக்கீலம்மா ஏறினார், கிளப்பினார், பூமைத் தூக்குவதற்காக வலது லிவரை இழுத்தார்.

பூம் எழும்பவில்லை. ஆர்ம் மடங்கியது. பக்கெட் மண்ணைச் சீவிக்கொண்டு வண்டியை நோக்கி வந்து, விளிம்பில் கிடந்த குழாயைப் பள்ளத்துக்குள் உருட்டிவிட்டது. அவர் லிவரை விடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தம்பியின் கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது.

ஆஸ்பத்திரிக்கு வக்கீலம்மாவும் கூடவே போனார். கால் பிழைக்கும், ஆனால் கொஞ்சம் தாங்கித் தாங்கித்தான் நடக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வீட்டுக்கு வந்தார். அதற்குள் வேலையிடத்தில் இரண்டு கதைகள் கிளம்பிவிட்டன. ஆட்களின் கதை: சலாம் போடாததால் வண்டி கோபித்துக்கொண்டது, பெண் ஏறிய வண்டி வேறு. மேனேஜரின் கதை: கோட்டான் வால்வைத் திருப்பாமல் ஓடிவிட்டார், அவரை வேலையை விட்டு எடுக்க வேண்டும், இனி எந்த வண்டியிலும் ஏறாதபடி உரிமத்தையும் பறிக்க வேண்டும். தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய இன்ஜினியர் விசாரிக்க வருகிறார் என்றார்கள்.

மறுநாள் மேனேஜர் வக்கீலம்மாவின் வீட்டுக்கே வந்தார். லேத்தின் பக்கத்தில் இருந்த முக்காலியில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார்.

"நீங்க பொய் ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. வால்வு யார் பக்கம் இருந்துச்சுன்னு கேப்பாங்க. இருந்ததச் சொல்லுங்க. அதுக்கு மேல பேச வேண்டாம், அவ்வளவுதான்."

வால்வு கோட்டானின் பக்கம்தான் இருந்தது. அது உண்மைதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் கோட்டானின் வேலை போய்விடும்.

சாயங்காலம் கணவருக்குத் தேநீர் கொண்டுபோனார். அவர் ஒரு புது இரும்பை லேத்தில் மாட்டியிருந்தார். சுவிட்சைப் போடுவதற்கு முன்னால், அதைப் பிடித்திருந்த தலைப்பகுதியைக் கையாலேயே ஒரு சுற்று சுற்றினார். கல்யாணமான நாளிலிருந்து வக்கீலம்மா பார்த்துவரும் காட்சி. தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"எதுக்குங்க கையால சுத்துறீங்க?"

"இவ்வளவு வருஷமாப் பாத்துட்டு இப்பத்தான் கேக்குறியா?"

"சொல்லுங்க."

"எங்கயாவது இடிக்குதான்னு பாக்கத்தான். கரண்ட்ல சுத்தும்போது இடிச்சா ஆளு காலி. கையால சுத்தி இடிச்சா, நகம் போறதோட சரி."

"லேத்துக்கு மரியாதைன்னு இல்லையா?"

"லேத்துக்கு என்னடி மரியாதை? எல்லாம் என் விரலுக்கு மரியாதை."

வக்கீலம்மா தேநீரை மரப்பலகையில் வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு விரலாக மடக்கி எதையோ எண்ணத் தொடங்கினார். கணவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

சலாமின் ஒவ்வொரு துண்டும் அவர் மனதில் ஒவ்வொன்றாகப் பொருந்திக்கொண்டிருந்தது. ஹாரன், ஆட்களை விலக்க. மெதுவான இன்ஜின், தவறாக அசைந்தாலும் மெல்ல அசைய. விரலால் தொட்டாற்போல் ஓர் அசைப்பு, எந்த லிவர் எதைத் தூக்குகிறது என்று தெரிந்துகொள்ள. தொழிற்சாலைகள் தங்களுக்குள் ஒத்துப்போகாமல் ஆளுக்கொரு விதமாக லிவர் வைத்தபோது, காலையில் எந்த வண்டியில் ஏற்றிவிடுவார்கள் என்று தெரியாத ஓர் ஆபரேட்டர் இதை யோசித்திருக்க வேண்டும். தன் கூட்டாளி சாகக் கூடாது என்று யோசித்திருக்க வேண்டும். அந்த மனிதரின் பெயர் எந்த நூலகத்திலும் இல்லை. வழக்கம் கைமாறிக் கைமாறி வந்ததில் காரணம் எங்கோ உதிர்ந்து, கோபித்துக்கொள்ளும் என்ற பூச்சாண்டி மட்டும் மிஞ்சிவிட்டது.

மண்வாரியைச் செய்தவன் யார், செயினை மாட்டியவன் யார் என்று தேடித் தேடிப் படித்தவர், சலாமைக் கண்டுபிடித்தவர் யார் என்று ஒருநாளும் கேட்கவில்லை. பூச்சாண்டியைப் பார்த்துச் சிரித்ததோடு நின்றுவிட்டார். தினமும் கண்ணெதிரே நடந்த ஒன்றுக்கு மட்டும் கேள்வி கேட்காமலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்.

"நாளைக்கு நான் சலாம் போடலேன்னு சொல்லப் போறேன்" என்றார் கடைசியில்.

கணவர் லேத்தை நிறுத்தினார். "சொன்னா உன்னை வண்டியிலேர்ந்து எறக்கிடுவாங்க."

"தெரியும்."

"ஊரு என்ன சொல்லும் தெரியுமா? வக்கீலம்மாவே ஒத்துக்கிட்டா, சலாம் போடாததுக்கு வண்டி காலை ஒடைச்சிருச்சுன்னு."

"அதுதாங்க வயிறு எரியுது. இவனுங்ககிட்ட தோத்த மாதிரி ஆயிடும்." ஆறிய தேநீரை அவர் பக்கம் நகர்த்தி, "அதுக்காக அண்ணனைக் காவு கொடுக்க முடியுமா?" என்றார்.

விசாரணை வேலையிடத்தில் இருந்த தகர அறையில் நடந்தது. பெரிய இன்ஜினியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்கும் பழக்கமுள்ளவர், அவசரப்படாதவர். மேனேஜர் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். முதலில் கோட்டானைக் கேட்டார்கள். அவர் வழக்கம்போல ஒரே வாக்கியத்தில் முடித்தார்.

"நான்தான் திருப்பாமப் போனேன்."

மேனேஜர் திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு வக்கீலம்மாவைக் கேட்டார்கள். வால்வு எந்தப் பக்கம் இருந்தது?

"அண்ணன் பக்கம்தாங்க இருந்துச்சு. ஆனா அது எப்பவும் யார் பக்கமாவது இருக்கும். ஏறி உக்கார்றவதான் பாக்கணும். நான் பாக்கல."

கோட்டான் ஏதோ சொல்ல எழுந்தார்.

"நீங்க உக்காருங்கண்ணே. பேசறது என் வேலை. எனக்கு இருக்கறது அது ஒண்ணுதான், அதையும் புடுங்காதீங்க."

வாசலில் யாரோ சிரித்து உடனே நிறுத்திக்கொண்டார்கள். வக்கீலம்மா சலாம் என்றால் என்ன என்பதை இன்ஜினியருக்கு விளக்கினார். எல்லாரும் போடுகிறார்கள், நான் போடவில்லை, மூடநம்பிக்கை என்று கேலி செய்துகொண்டிருந்தேன் என்றார். இன்ஜினியர் கண்ணாடி துடைப்பதை நிறுத்தினார்.

"சலாம் போட்டிருந்தா விபத்து நடந்திருக்காதுன்னு சொல்றீங்களா?"

"ஆமாங்க. ஆனா வண்டி கோச்சுக்கிட்டதுன்னு யாரும் எழுதிடாதீங்க. சலாம் போட்டிருந்தா தம்பி அந்த நேரத்துல பள்ளத்துலயே இருந்திருக்க மாட்டான். லிவர் மாறியிருக்குன்னு எனக்கும் தெரிஞ்சிருக்கும். அது லிவரைச் சோதிச்சுப் பாக்கறதுங்க. எவரோ ஒரு புத்திசாலி கண்டுபிடிச்சது. எனக்குத்தான் அது புரியல."

பிறகு குரல் மாறியது. என் தவறைச் சொல்லி முடித்துவிட்டேன், மற்றதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். வால்வின் மேல் அடையாளம் இல்லை. அதை ஒட்ட வேண்டியது ஆபரேட்டரா? வண்டி கிளம்புவதற்கு முன்னால் ஆளைப் பள்ளத்தில் இறக்கியது யார்? கேட்டுவிட்டு மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் மேசையைப் பார்த்தார்.

"யாரு எறங்கச் சொன்னாங்க?" என்று இன்ஜினியர் வாசலைப் பார்த்துக் கேட்டார்.

ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், "மேனேஜர்தாங்க, தினமும்" என்றது. முதல் குரல் வந்த பிறகு மற்ற குரல்களும் வந்தன.

கோட்டானின் வேலை தப்பியது. உரிமமும் கையில் இருந்தது. வக்கீலம்மாவை வண்டியிலிருந்து இறக்கி, அடுத்த உத்தரவு வரை கம்பெனியின் பட்டறைக்குக் கிரீஸ் அடிக்க அனுப்பினார்கள். மேனேஜரை வேறொரு வேலையிடத்துக்கு மாற்றினார்கள்; அங்கும் மேனேஜராகத்தான். வண்டிக்கடியில் படுப்பவர்களுக்குத் தண்டனை வேறு, முக்காலியில் கைக்குட்டை விரிப்பவர்களுக்குத் தண்டனை வேறு. அவசரத்தைக் கண்டுபிடித்த முதலாளிக்கோ எந்த விசாரணையிலும் பெயர் கிடையாது.

கணவர் சொன்னதுபோலவே ஆட்கள் பேசினார்கள். வண்டி வக்கீலுக்கே பாடம் நடத்திவிட்டது என்று கிரீஸ் டப்பாவைக் காட்டிச் சிரித்தார்கள். வக்கீலம்மா ஒவ்வொருவரையும் பிடித்து உட்காரவைத்து லிவர், வால்வு, ஹாரன் என்று முதலிலிருந்து விளக்கினார். கேலி செய்தவர்கள் இரண்டாவது தடவை கேலி செய்யவில்லை. நம்பிவிட்டதாலா, விளக்கத்துக்குப் பயந்தா என்பது தெரியாது. கிரீஸ் அடித்த நாட்களில், இன்ஜினியரிடம் அனுமதி வாங்கி, பட்டறையில் இருந்த எல்லா வண்டிகளின் வால்வுகளிலும் சிவப்பு, வெள்ளை என இரண்டு பக்கமும் பெயின்ட் அடித்தார். கேபினுக்குள் எந்த நிறத்துக்கு எந்த லிவர் எதைத் தூக்கும் என்று படம் வரைந்து ஒட்டினார். கோட்டான் பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மழைக்காலம் முடிந்து குழாய் வேலை மறுபடி தொடங்கியபோது வக்கீலம்மாவை வண்டியில் ஏற்றினார்கள். முதல் நாள் காலையில் குழாய் பொருத்தும் தம்பியும் வந்திருந்தார். கால் ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. பள்ளத்தின் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, கவிழ்த்துப் போட்ட வாளி ஒன்றின்மேல் உட்கார்ந்துகொண்டார். புது மேனேஜர் வாட்சைப் பார்த்துவிட்டு, ஏன் இன்னும் இறங்கவில்லை என்று கேட்டார்.

"அக்கா முடிக்கட்டுங்க" என்றார் தம்பி.

ஹாரன் ஒலித்தது. இன்ஜின் மெதுவாக ஓடியது. வலது லிவர் ஓர் இம்மி அசைந்தது; பூம் ஓர் இம்மி எழுந்தது. பிறகு இரும்புக் கை முழுதாக உயர்ந்து, தாழ்ந்து, மடங்கி, நீண்டது.

"பாத்தீங்களா, வக்கீலம்மாவே சலாம் போட்டுட்டாங்க" என்று ஒருவர் கத்தினார்.

வக்கீலம்மா கேபின் கதவிலிருந்து தலையை நீட்டினார். "சலாம் இல்லய்யா. குறுக்கு விசாரணை."

தம்பி வாளியிலிருந்து எழுந்து, ஏணியைப் பிடித்து, நல்ல காலை முதலில் வைத்துப் பள்ளத்தில் இறங்கினார்.